பெண்ணுரிமை நடைக்கு முதல் முறையாக வருகிறேன்: நடந்தால் என்ன மாறும்?

வேனில் | திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை நடக்கவிருக்கும் பெண்ணுரிமை நடைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 3 கிலோமீட்டர் தூரம், போய்ச் சேரும் இடம் உள்ளாட்சி அலுவலகம். இதுவரை எந்த ஊர்வலத்திலும் கால் வைத்தவள் இல்லை நான்.

ஏன் பெயர் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மாலை நேர வேலை. முடித்து வெளியே வரும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு ஏழு நிமிட நடை. அதில் நாலு நிமிடம் கும்மிருட்டு. அந்த நாலு நிமிடமும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் ஆளே இல்லாமல், "ம்... இதோ வந்துட்டேன், நீ அங்கயே நில்லு" என்று பேசிக்கொண்டே நடப்பேன். போன மாதம் ஒரு நாள் எனக்கு நாலடி முன்னால் ஒரு பெண் அதே மாதிரி பேசிக்கொண்டு போனார். பேச்சு பாதியில் இருக்கும்போதே அவர் காதிலிருந்த கைபேசி மணி அடித்தது. திரும்பி என்னைப் பார்த்தார். நானும் காதிலிருந்து என் கைபேசியை எடுத்தேன். நிறுத்தம் வரை சேர்ந்தே நடந்தோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அன்றிரவுதான் பெயர் கொடுத்தேன்.

இப்போது மூன்று தயக்கம். நடந்தால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? படம் எடுத்து எங்காவது போட்டு, அது வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் பட்டால் என்ன செய்வது? தட்டியில் என்ன எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆழி | திங்கள், இரவு 11.05

வா வேனில். முதல் முறை என்பதால் கைக்கு உதவும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன். புதுச் செருப்பு வேண்டாம், பழகிய செருப்பே போதும். கூட்டமாக நடக்கும்போது நம் வழக்கமான வேகத்தில் பாதிதான் கிடைக்கும், 3 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள். தண்ணீர் எடுத்துக்கொள். அதைவிட முக்கியம், வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள். பெண்கள் நடை என்று பெயர் வைத்துவிட்டு, வழி முழுக்க ஒரு கழிப்பறைகூட இல்லாமல் போட்ட பாதையில் நான் நடந்திருக்கிறேன். பாதி வழியில் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்!

ஒரு தன்னார்வலர் எண்ணையும் வீட்டு எண் ஒன்றையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள். கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் எண் எதுவும் நினைவுக்கு வராது.

நேர்கோடு | செவ்வாய், காலை 7.20

வேனில், உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்களைத் தடுக்க எழுதவில்லை. மூன்று நடைகளில் நடந்தவள் நான், மனம் வலித்துத்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை கூடுகிறோம். எல்லோர் கையிலும் ஒரே அச்சகத்தில் அடித்த தட்டி. முழக்கம் போடுகிறோம், குழுப்படம் எடுக்கிறோம், பன்னிரண்டு மணிக்குக் கலைகிறோம். திங்கட்கிழமை அதே இருட்டு, அதே பேருந்து. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஞாயிறும் வேலை நாள். அவர் வருவதில்லை. கடையில் நிற்கும் பெண் வருவதில்லை. யாருக்காக நடக்கிறோமோ அவர்கள் அந்த நேரத்தில் வேறு யார் வீட்டிலோ பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் நிறுத்தினார்கள். மறு ஆண்டே சம உரிமைச் சட்டம் வந்தது. 1980இல் விக்டிஸ் ஃபின்போகதோத்திர் என்ற பெண் அங்கே குடியரசுத் தலைவர் ஆனார். வேலையை நிறுத்திய அன்றைக்குத் தலைநகர் ரெய்க்யாவிக்கில் பெரிய கூட்டமும் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் நாட்டை உலுக்கியது கூட்டம் இல்லை, நின்றுபோன வேலை. அதனால்தான் கேட்கிறேன், நடந்து என்ன ஆகப் போகிறது?

பழைய_ஏடு | செவ்வாய், காலை 9.45

நேர்கோடு அக்கா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு என் பதில்.

1907 பிப்ரவரி 9. லண்டனில் கொட்டும் மழை. வாக்குரிமை கேட்டு 3,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஹைட் பார்க் முனையிலிருந்து எக்ஸிட்டர் அரங்கம் வரை நடந்தார்கள். பாவாடை விளிம்பெல்லாம் சேறு. 'சேற்று ஊர்வலம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பெண்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போவதே மரியாதைக் குறைவு என்று நினைத்த காலம் அது. வேலை போய்விடுமோ, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. வேனிலின் இரண்டாவது தயக்கம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. 30 வயது தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு அங்கே வாக்கு கிடைத்தது 1918இல். ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928இல்.

அதே 1928இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரத்தில் பெண்களின் உழைப்பைக் காட்டும் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. வாக்குரிமை கேட்ட பெண்கள் அதன் ஊர்வலத்தில் ஒரு ராட்சத நத்தையைச் செய்து இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் உரிமை இந்த வேகத்தில்தான் வருகிறது என்று அதற்கு அர்த்தம். 1969 மார்ச் 1 அன்று அதே பேர்னில் 5,000 பேர் கூடி விசில் ஊதியே அரசாங்கத்தின் காதைத் துளைத்தார்கள். 1971 பிப்ரவரியில் வாக்கு கிடைத்தது. நத்தைக்கும் வாக்குக்கும் இடையில் 43 வருடம்.

என்னை உலுக்கியது தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. 1956 ஆகஸ்ட் 9. கறுப்பினப் பெண்களும் சொந்த நாட்டுக்குள் நடமாடவே அனுமதிச் சீட்டு சுமக்க வேண்டும் என்ற நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துச் சுமார் 20,000 பெண்கள் அரசுத் தலைமையகத்துக்கு வந்தார்கள். ஊர்வலமாகப் போகத் தடை இருந்ததால் இரண்டு பேர், மூன்று பேராகப் பிரிந்து நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். பல பேர் முதுகில் குழந்தை. லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோஃபி வில்லியம்ஸ் நால்வரும் மனுக்கட்டுகளைப் பிரதமர் அலுவலக வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். பிரதமர் சந்திக்கவே இல்லை. அதன் பிறகு அரை மணி நேரம் அத்தனை பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள். இருபதாயிரம் பேரின் மௌனம்! நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நேர்கோடு | செவ்வாய், மதியம் 1.10

தம்பி, அந்தச் சட்டம் எப்போது நீங்கியது? 1986இல். 30 வருடம். நடந்த பெண்களின் பேத்திகள் காலத்தில். இதைச் சொல்லித்தான் வேனிலைத் தேற்றப் போகிறீர்களா? அவருக்கு நாளை இரவு ஒன்பதரைக்கு வெளிச்சம் வேண்டும்.

இன்னொரு உதாரணமும் இருக்கிறது. 1917 மார்ச் 8, ரஷ்யாவின் பெட்ரோகிராத். நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள், ஒரு வாரம் கழித்து ஜார் மன்னர் பதவி விலகினார். போரும் பசியும் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்ததால் அது நடந்தது, தெரியும். ஆனாலும் நீங்கள் சொன்ன எல்லாக் கதையிலும் ஒன்று இருக்கிறது, நம் ஞாயிற்றுக்கிழமை நடையில் அது இல்லை. கேட்டது இன்னது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தது. யாரிடம் கேட்கிறோம் என்பதும் தெரிந்திருந்தது. பிரிட்டோரியாவில் மனு இருந்தது, அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு வாசலும் இருந்தது. நம் அறிவிப்பில் என்ன இருக்கிறது? 'பாதுகாப்பு, சமத்துவம், கண்ணியம்'. மூன்றும் நல்ல சொற்கள். இவற்றை வாங்கிக்கொண்டு எந்த அதிகாரி எந்தக் கோப்பில் போடுவார்?

ஏற்பாடு செய்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் பதில் சொல்லுங்கள்: கோரிக்கை என்ன, வாங்கப் போவது யார்?

கடைசிவரிசை | செவ்வாய், இரவு 9.30

நான் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறேன். நடையில் கடைசி ஆளாக வருவது என் வேலை, அதனால்தான் இந்தப் பெயர்.

நேர்கோடு கேட்டது சுட்டது. மறைக்காமல் சொல்கிறேன். போன முறை மனு எழுதினோம், இரண்டு பக்கம், அழகான மொழி. போய்ச் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டியிருக்கிறது. காவலாளி மட்டும் இருந்தார். பாவம் அவர், "கொடுங்கம்மா, நாளைக்குக் கொடுத்துடறேன்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அது எங்கே போனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தேதி முத்திரை இல்லை, பதிவு எண் இல்லை, எங்களிடம் நகல்கூட இல்லை. அன்றைக்கு 300 பேர் நடந்தார்கள். அந்த 300 பேரின் உழைப்பைப் பூட்டிய கதவில் கொண்டுபோய் விட்டோம். அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை.

இன்று மாலை குழுவில் பேசினேன். இந்த முறை பொறுப்பு அதிகாரி ஒருவர் நேரில் வந்து வாங்கவேண்டும் என்று நாளைக் காலையே கடிதம் கொடுக்கிறோம். சனிக்கிழமைக்குள் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், திங்கள் காலை பத்து மணிக்கு ஐந்து பேர் வேலையைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்க் கொடுப்போம். ஆனால் கோரிக்கையை எழுத எனக்கு உங்கள் உதவி வேண்டும். பெரிய சொல் வேண்டாம். எங்கே, எத்தனை, எப்போதைக்குள் என்று கேட்க வேண்டும்.

தாழம்பூ | செவ்வாய், இரவு 10.15

கோரிக்கை எழுதுவதற்குள் படத்தைப் பற்றிப் பேசிவிடலாம். வேனில் கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் அடிதடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறி வேறு இடத்தில் இருந்தார். எங்கே இருக்கிறார் என்பது நாலே பேருக்குத் தெரியும். ஒரு நடைக்கு வந்தார், ஆசையாக வந்தார். யாரோ எடுத்த படத்தில் பின்வரிசையில் அவர் முகம் தெளிவாக விழுந்துவிட்டது. படத்தின் கீழே இடமும் தேதியும். மூன்றாம் நாள் அவர் மறுபடி இடம் மாற வேண்டியிருந்தது. படம் எடுத்தவர் கெட்டவர் இல்லை, சந்தோஷத்தில் எடுத்தார். அதனால்தான் இதை நல்லெண்ணத்தின் பொறுப்பில் விட முடியாது என்கிறேன், முறை வேண்டும்.

நாங்கள் பிறகு கடைப்பிடித்தது இது: படம் வேண்டாம் என்பவர்களுக்குத் தோளில் மஞ்சள் நாடா. அவர்கள் நடுவில் நடப்பார்கள், ஓரத்தில் இல்லை. படம் எடுப்பவர்கள் முன்பக்கம் 50 அடிக்குள், பதாகை பிடிப்பவர்களை மட்டும். அவர்கள் படத்துக்குச் சம்மதித்தவர்கள். மற்றபடி முதுகுப்பக்கம், தட்டி, கால்கள். புறப்படும் முன் ஒலிபெருக்கியில் மூன்று முறை சொல்வோம்.

வேனில், நாடா கட்டிக்கொண்டு வாருங்கள். அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

உருளை | புதன், காலை 8.00

நான் சக்கர நாற்காலியில் வருபவள். போன முறையும் வந்தேன்.

கிளம்பியபோது நடுவில் இருந்தேன். முதல் திருப்பத்தில் நடைபாதைக்கு ஏறப் படி, சரிவு இல்லை. சுற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் கூட்டம் ஒரு தெரு தாண்டிவிட்டது. முழக்கம் கேட்கும், ஆட்கள் தெரியமாட்டார்கள். கடைசிவரிசை மட்டும் என்னோடு வந்தார், அதை மறக்கமாட்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேச்சு முடிந்து பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "எல்லோரும் சமம்" என்று எழுதிய பதாகை அது.

நான் கேட்பது இரக்கம் இல்லை, முன்வரிசை. மெதுவாகப் போகிறவர்களை முன்னால் விட்டால் பின்னால் வருபவர்கள் தானாகவே வேகத்தைக் குறைப்பார்கள். சக்கர நாற்காலி, கைத்தடி, குழந்தை வண்டி, கர்ப்பிணிகள், முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் முன்னால். பழைய_ஏடு சொன்ன நத்தை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் அரசாங்கத்தைக் குத்திக்காட்ட இழுத்தார்கள். நாம் நத்தையைப் பதாகையில் வரைந்து அதன் பின்னால் எல்லோரும் நடப்போம்.

சனிக்கிழமை பாதையை ஒரு முறை உருட்டிப் பார்க்க நான் தயார். கூட ஒருவர் வாருங்கள்.

பழைய_ஏடு | புதன், காலை 10.20

உருளை சொன்னதைப் படித்ததும் அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் நினைவுக்கு வந்தார். 1913 மார்ச் 3, வாஷிங்டன் வாக்குரிமை ஊர்வலம். ஆயிரக்கணக்கான பெண்கள், முன்னால் வெள்ளைக் குதிரை மேல் இனெஸ் மில்ஹாலண்ட். கறுப்பினப் பெண்கள் கடைசியில் தனியாக நடக்க வேண்டும் என்று வெல்ஸிடம் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு நின்று, தன் இல்லினாய் மாநில அணி பக்கத்தில் வந்ததும் உள்ளே நுழைந்து அவர்களோடு நடந்தார். உரிமை கேட்டுப் போகிற ஊர்வலத்துக்குள்ளேயே இன்னொரு உரிமைக்கு அவர் தனியாகப் போராட வேண்டியிருந்தது.

யார் எந்த வரிசையில் நடக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. உருளையோடு சனிக்கிழமை நான் வருகிறேன்.

முகிலன்77 | புதன், இரவு 9.00

ஒரு சந்தேகம். என் மனைவியும் மகளும் வருகிறார்கள். நானும் வரலாமா, இல்லை அது அவர்கள் இடமா? வந்தால் என்ன செய்ய வேண்டும்?

தாழம்பூ | புதன், இரவு 9.25

வாங்க அண்ணா. 1911இல் நியூயார்க் வாக்குரிமை ஊர்வலத்தில் நூறு பேருக்கும் குறைவான ஆண்கள் ஓர் அணியாக நடந்தார்கள், வழி நெடுகக் கேலியை வாங்கிக்கொண்டே. அப்படி நடந்தவர்களை நாங்கள் மரியாதையோடுதான் நினைக்கிறோம்.

ஒலிபெருக்கியை மட்டும் எடுக்காதீர்கள், முழக்கத்தை நாங்கள் சொல்கிறோம். இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் தெருவில் சின்னக் குழந்தை வைத்திருக்கிற இரண்டு பெண்கள் வர ஆசைப்பட்டு வர முடியாமல் இருப்பார்கள். அவர்கள் வீட்டு ஆண்களிடம் நீங்கள் பேசுங்கள், "ரெண்டு மணி நேரம் பிள்ளையப் பார்த்துக்கோ, அவங்க போயிட்டு வரட்டும்" என்று. அதை நாங்கள் சொன்னால் சண்டையாகும், நீங்கள் சொன்னால் பேச்சாகும். நீங்கள் வந்து நடப்பதைவிட எனக்கு அது பெரிது.

மாலைவெயில் | வியாழன், இரவு 11.30

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேர்கோடு சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் நான்தான். மூன்று வீட்டில் வேலை செய்கிறேன். என்னால் வர முடியாது. கேட்டால் விடுவார்கள், ஆனால் அந்த நாள் கூலி போகும், அடுத்த வாரம் முகம் மாறும்.

எனக்காக ஒரு தட்டி பிடிக்க முடியுமா? எழுத வேண்டியது இதுதான்: 'வாரத்தில் ஒரு நாள் முழுசாக என்னுடையது. அதை எழுத்தில் கொடுங்கள்.'

நேர்கோடு | வெள்ளி, காலை 6.50

மாலைவெயில், அந்தத் தட்டியை நான் பிடிக்கிறேன். வரமாட்டேன் என்று நினைத்திருந்தேன், வருகிறேன்.

நீங்கள் கேட்டது சலுகை இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்காக பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு (ILO) 2011இல் ஏற்ற 189ஆம் எண் உடன்படிக்கை வாரத்துக்குத் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேர ஓய்வு என்று சொல்கிறது. வேனிலுக்கும் ஒன்று இருக்கிறது. 2019இல் ஏற்ற 190ஆம் எண் உடன்படிக்கை வேலையிட வன்முறையையும் தொந்தரவையும் பற்றியது, வேலைக்குப் போய்வரும் வழியில் நடப்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கையெழுத்திட்டு ஏற்ற நாடுகளையே இவை கட்டுப்படுத்தும். ஆனாலும் "நீங்களாக இட்டுக்கட்டிக் கேட்கிறீர்கள்" என்று நம்மிடம் யாரும் சொல்ல முடியாது.

வேனில், அந்த இருட்டில் எத்தனை விளக்குக் கம்பம் இருக்கிறது? எண்ணிச் சொல்லுங்கள். மனுவில் எண் வேண்டும்.

வேனில் | வெள்ளி, இரவு 10.20

இன்றைக்குக் காதில் கைபேசி இல்லை, கையில் பேனா. எண்ணிவிட்டேன். ஒன்பது கம்பம், எரிவது மூன்று. அணைந்த ஆறில் இரண்டுக்கு விளக்கே இல்லை, வெறும் கம்பி தொங்குகிறது. ஒவ்வொரு கம்பத்திலும் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கிறது, இத்தனை நாள் நான் பார்த்ததே இல்லை. ஆறு எண்ணையும் குறித்துக் கடைசிவரிசைக்கு அனுப்பிவிட்டேன்.

கடைசிவரிசை | சனி, இரவு 8.15

மனு ஒரே பக்கம். மூன்று கோரிக்கை. ஆறு கம்பங்களில் 30 நாளுக்குள் விளக்கு, எண்களோடு. பேருந்து நிறுத்தத்தில் பெண்களுக்குக் கழிப்பறை, இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கு வார விடுப்பை எழுத்தில் தரும் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அலுவலகமே வெளியிட வேண்டும். மூன்றாவது உடனே கிடைக்காது என்று குழுவில் சிலர் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

அதிகாரி ஒருவர் பதினொன்றரைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உருளையும் பழைய_ஏடும் பாதையைப் பார்த்து இரண்டு இடத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். 300 மீட்டர் கூடுகிறது, ஆனால் படி இல்லை.

வேனில் | ஞாயிறு, மாலை 5.00

போய் வந்தேன். கால் வலி தெரியவில்லை, எழுத உட்கார்ந்ததும்தான் கை நடுங்குகிறது.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பெரிய பதாகையைக் காற்று பாய்மரம் மாதிரி இழுத்தது. துணியில் ஓட்டை போடாமல் கட்டியிருந்தோம், பிடித்த நாலு பேருக்கும் மணிக்கட்டு வீங்கிவிட்டது. நாற்சந்தியில் வண்டிகளை விடுவதற்காக நடுவில் நிறுத்தினார்கள், ஊர்வலம் இரண்டாக உடைந்தது. முன்பாதிக்கு அது தெரியவே இல்லை. ஆனால் முன்னால் உருளை இருந்தார். யாரோ சொன்னதும் நாற்காலியைத் திருப்பி நடுத்தெருவில் நிறுத்திவிட்டார். அவர் நின்றதும் எல்லோரும் நின்றார்கள். பின்பாதி வந்து சேரும் வரை ஓர் அடி நகரவில்லை.

எனக்குப் பக்கத்தில் நடந்தவர் வயதானவர், அறுபத்தைந்து இருக்கலாம். தட்டி எதுவும் இல்லை. பாதி வழியில் என் கையில் இருந்ததைப் படித்தார். 'ஒன்பது கம்பம், மூன்று விளக்கு, நாலு நிமிடம்' என்று எழுதியிருந்தேன். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார். சொன்னேன். கைபேசியில் பேசுவது போல் நடிப்பதையும் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "எங்க காலத்துல போன் கிடையாது. நான் பாடிக்கிட்டே வருவேன். பயத்துல பாடுறேன்னு யாருக்கும் தெரியாது, சந்தோஷமா இருக்கேன்னு நினைச்சுப்பாங்க" என்றார். அதற்கு மேல் என்னால் முழக்கம் போட முடியவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. தட்டியை அவரிடம் கொடுத்தேன். கடைசி வரை அவர்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

அலுவலக வாசலில் பழைய_ஏடு சொன்ன பிரிட்டோரியாவை நினைத்து ஐந்து நிமிடம் பேசாமல் நின்றோம். அதிகாரி கதவைத் திறந்து வந்தபோது அந்த அமைதியில்தான் வந்தார். நேர்கோடு முன்னால் போய் மனுவைக் கொடுத்து, "நகலில் முத்திரையும் பதிவு எண்ணும் வேண்டும்" என்றார். இன்று முத்திரை உள்ளே பூட்டியிருக்கிறது என்றார்கள். "காத்திருக்கிறோம்" என்றார் அவர். 40 நிமிடம் காத்திருந்தோம். ஒருவர்கூடக் கலையவில்லை. முத்திரை வந்தது.

நான் நாடா கட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். திட்டவில்லை. ஆறு கம்பமா என்று மட்டும் கேட்டார்.

நேர்கோடு | ஞாயிறு, இரவு 8.40

நகல் என்னிடம் இருக்கிறது, கடைசிவரிசையிடம் இன்னொன்று. மாலைவெயில், உங்கள் தட்டியை அந்த அதிகாரி இரண்டு முறை படித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

30 நாள் கெடு ஒரு செவ்வாய்க்கிழமை முடிகிறது. மறுநாள் புதன் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போக மூன்று பேர் வேண்டும். நான் ஒருத்தி.

முகிலன்77 | ஞாயிறு, இரவு 9.05

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் பேசுங்கள், நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு கூட நிற்கிறேன். தாழம்பூ சொன்னபடி மூன்று வீட்டில் பேசினேன், இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். அந்த இரண்டு பெண்களும் இன்று நடந்தார்கள்.

உருளை | ஞாயிறு, இரவு 9.20

மூன்றாவது ஆள் நான். அந்த அலுவலகத்துக்குள் நுழைய ஐந்து படி, சரிவு இல்லை, இன்றைக்குப் பார்த்தேன். நான் படியின் கீழே இருப்பேன். அவர்கள் இறங்கி வந்து என்னிடம் பேசட்டும்.

வேனில் | திங்கள், இரவு 9.50

இன்றைய கணக்கு: ஒன்பதில் மூன்று எரிகிறது. ஆறு அணைந்திருக்கிறது. தினமும் எண்ணி இங்கேயே போடுகிறேன்.